சட்டி கவிழாத மத்தியானம்

சட்டி நிமிர்ந்துதான் இருக்கிறது, இன்னும் கவிழவில்லை என்று கஸ்பார் தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு தரம் எட்டியும் பார்த்துக்கொண்டார். அரிவாள்மணை முன்னால் குந்தி விளமீன் நறுக்குகிற ஆளுக்குக் கண் மீன்மேல் இருக்க வேண்டும். அவருடைய கண்ணோ அடுக்களைப் பின்வாசல் ஓரம் வைத்திருந்த அலுமினியச் சட்டியிலேயே கிடந்தது. சட்டிக்குப் பக்கத்தில் சுக்கான். வால் எப்போதும் ஒரு பக்கமாக வளைந்தே இருக்கும் என்பதால், குட்டியாக வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவர் வைத்த பெயர் அது. தோணிக்குச் சுக்கான் எப்படியோ அப்படி, அந்த வாலைப் பார்த்தால் நாய் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இப்போது வால் அசையவில்லை. முன்னங்கால்களை நீட்டி, தாடையை அவற்றின்மேல் வைத்து, நல்ல பிள்ளையாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த நல்ல பிள்ளை வேஷத்தில் அவர் ஏமாந்தது போதும். நேற்றும் இப்படித்தான் இருந்தது. புளி கரைக்க ஒரு நிமிஷம் முதுகைக் காட்டினார், டங்கென்று சத்தம், திரும்பினால் சட்டி குப்புறக் கிடக்கிறது, தண்ணீர் நடைவரைக்கும் ஓடுகிறது, நாய் அந்த ஈரத்தின் நடுவில் நாலு காலையும் பரப்பிப் படுத்துக்கொண்டு அவரையே பார்க்கிறது, உன்னால் ஆனதைப் பார் என்று. பார்த்தார். துடைத்தார். வேறென்ன செய்வது. ஆனால் இன்றைக்கு அந்த விளையாட்டு ஆகாது, இன்றைக்கு அவர் மனைவி அமலோற்பவம் வீட்டுக்கு வருகிறாள். ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் விழுந்து தொடை எலும்பு முறிந்தவள், பண்டிகையும் ஆஸ்பத்திரியிலேயே போயிற்று, அதற்கப்புறம் மகன் வீட்டில், இப்போதுதான் வாக்கரைப் பிடித்துத் தானாக நடக்கிறாள் என்று டாக்டர் விட்டிருக்கிறார். வெயில் தாழ மகன் காரில் கூட்டிக்கொண்டு வருவான். அதற்குள் இந்த வீட்டுத் தரை எலும்பாய்க் காய்ந்திருக்க வேண்டும். மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துத் தனியாகப் போட்டபோது சுக்கானின் மூக்கு மட்டும் அசைந்தது, கண் சட்டியை விட்டு வரவில்லை. அப்படியென்ன அந்தத் தண்ணீரில் கண்டாய் என்று கஸ்பார் கேட்டார். அது ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடியும் பார்த்தது.

காலையில் மகன் டெரன்ஸ் போனில் பேசியதை அவர் மறுபடியும் மறுபடியும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சில் எங்காவது ஒரு சந்து இருக்கிறதா, அதன் வழியாக நாயை வெளியே எடுத்துவிடலாமா என்று. சந்து இல்லை. "யப்பா, நான் கண்டிஷனாச் சொல்லுதேன். அம்மா கால் வைக்கும்போது தரையில ஒரு சொட்டு ஈரம் கண்டாலும் வந்த வண்டியிலயே அதை ஏத்திக்கிட்டுப் போயிருவேன். என் கூட்டாளி அளத்துல காவலுக்கு நாய் கேட்டுக்கிட்டே இருக்கான்." அளம் என்றால் உப்பளம். "அளத்துலயா? ஏல, அங்கன ஒதுங்க ஒரு நெழல் கெடையாதேல." "நாய்க்கு என்னப்பா நெழலு. இன்னொரு தரம் அம்மா விழுந்தா எந்திரிக்க மாட்டா. அதை யோசிங்க. அம்மாட்ட இதைச் சொல்லாதிய, அழுவா." மகன் சொன்னதில் தப்பு ஏதாவது உண்டா என்றால் இல்லை, அதுதான் கஷ்டம். தப்பு இருந்தால் திட்டிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். அவரும் அமலியைத்தான் நினைக்கிறார், வேறு யாரை நினைப்பார். ஆனால் உப்பளம் கண்முன்னே வந்து நின்றுவிடுகிறது: கண் கூசுகிற வெள்ளை, பாத்தி பாத்தியாகக் காய்கிற தண்ணீர், வாய் வைத்தால் உப்பு, ஓடிப்போய் முகத்தை மறைத்துக்கொள்ள ஒரு பூவரச மரம்கூட இல்லாத வெளி. அங்கே கம்பத்தில் கட்டிப்போட்ட இந்தக் கோணல் வால். கச்சான் காற்று பின்வாசல் வழியாகச் சூடாக வந்து அடித்தது. இந்த வருஷக் கச்சான் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான், அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்பு. அளத்தில் இந்த நேரத்துக்கு எப்படி இருக்கும் என்ற யோசனையை அங்கேயே வெட்டிவிட்டு அவர் மீன் துண்டங்களை மஞ்சள்தூளில் புரட்டினார். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு, கொஞ்சம் மாங்காய் போட்டு, அமலிக்குப் பிடித்தது. மகன் வீட்டில் மருமகள் நன்றாகத்தான் சமைத்துப் போட்டிருப்பாள், இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு மாங்காய் எப்போது போடுவது என்ற கணக்கு இன்னும் பிடிபடவில்லை. இதை வெளியே சொல்ல முடியாது. மனசுக்குள் சொல்லிக்கொண்டதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

இந்தச் சட்டியோடு அவர் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முதலில் சுற்றி செங்கல் அடுக்கினார். சுக்கான் ஒவ்வொரு கல்லாக மூக்கால் தள்ளி வழி பண்ணிக்கொண்டு உள்ளே போய்க் கவிழ்த்தது, ஒரு கொத்தனாருக்கு வேண்டிய பொறுமை. பிறகு பஞ்சர் கடையில் ஸ்கூட்டர் டயர் ஒன்று வாங்கிவந்து நடுவில் சட்டியைப் புதைத்தார். அதற்கு விளிம்பைப் பல்லால் கவ்வித் தூக்கத் தெரிந்திருக்கிறது. அடுத்து கனமான கல் தொட்டி. கவிழ்க்க முடியாதுதான், முன்னங்கால் இரண்டையும் உள்ளே விட்டு மண் தோண்டுகிற மாதிரி தண்ணீரை வாரி வெளியே இறைத்துவிட்டது. இறைத்து முடித்து அந்த ஈரத்திலேயே படுத்துக்கொண்டது. கொழுப்பு, வேறென்ன. அமலி இல்லாத வீட்டில் தனக்கு வராத கோபம் அதற்கு வந்திருக்கிறது என்று அவர் ஒரு நாள் நினைத்தார். உண்மையிலேயே தனக்குக் கோபம் வரவில்லையா என்றும் பிறகு நினைத்தார். வந்தது பயம். காலையில் கண் விழித்துப் பக்கத்துக் கட்டில் சும்மா கிடப்பதைப் பார்ப்பார். உடனே எழுந்து நாய்க்குத் தண்ணீர் வைப்பார், அது கவிழ்க்கும், துடைப்பார், மறுபடி வைப்பார், அதற்குள் விடிந்து வெயில் ஏறிவிடும். யோசித்துப் பார்த்தால் இத்தனை நாளைத் தள்ளியதே அந்தத் துடைக்கிற துணியால்தான். பழைய கைலிச் சாரம் ஒன்றை இரண்டாகக் கிழித்தது, இப்போது நூல் நூலாகத் தொங்குகிறது. அமலி பார்த்தால் புதுச் சாரத்தையா கிழித்தீர்கள் என்று கேட்பாள். கேட்கட்டும். அவள் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது.

ஆனால் எந்த யோசனையும் சுற்றிச் சுற்றி அந்த ஒரு மத்தியானத்தில் போய்த்தான் முட்டிக்கொள்கிறது. அவர் முன்னறையில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியானத் தூக்கம் அவருக்குத் தோணிக்காலத்துப் பழக்கம். மதியச் சோறு போட்டு அடுப்பை அணைத்தால் பண்டாரிக்குக் கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான், தோணியில் சமையல்காரனுக்குப் பண்டாரி என்று பெயர். அமலி மத்தியானம் படுக்க மாட்டாள். பூனை மாதிரி வீட்டுக்குள் ஏதாவது செய்துகொண்டிருப்பாள், அவர் தூக்கம் கலையாமல். அந்த மத்தியானம் ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. தூக்கத்திலேயே அது மூட்டை விழுந்த சத்தம் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஓடிப்போனால் முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் உள்ள நடையில், சிவப்புச் சிமெண்டுத் தரையில், ஒருக்களித்துக் கிடக்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது, சத்தம் வரவில்லை, சேலையெல்லாம் ஈரம், தரையெல்லாம் ஈரம். சுக்கான் அவள் தலைமாட்டில் நின்று நெற்றியை நக்குகிறது. டெரன்ஸ் வந்ததும் எப்படிப்பா விழுந்தா என்று கேட்டான், நாய் தண்ணியைக் கொட்டிருச்சுல என்று இவர் வாய் சொல்லிவிட்டது. வேறெப்படி நனையும் தரை. மறுநாளே அதற்குச் சாட்சியும் கிடைத்தது, இவர் கண்ணாலேயே பார்த்தார், சுக்கான் சட்டியைக் காலால் தட்டிவிட்டதை. அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மத்தியானம் அவர்தான் தூங்கிப்போவாரே, தினமும் அமலி துடைத்திருப்பாள், சொல்லியிருக்க மாட்டாள், அவள் எதைத்தான் சொன்னாள். இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போகும். பிறகு அந்தச் செம்பு வந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து அன்று இரவு தனியாக வீட்டுக்கு வந்தபோது அரிசி டிரம்முக்கு அடியில் பித்தளைச் செம்பு உருண்டு கிடந்தது. குனிந்து எடுத்தார், கழுவினார், பானை வாயில் கவிழ்த்து வைத்தார். பானையில் தண்ணீர் மொள்ளுகிற செம்பு அது, அமலி தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அது ஏன் டிரம்முக்கு அடியில் கிடந்தது? குடிக்க எடுத்துப் போயிருப்பாள். ஆனால் அவள் செம்பில் குடிப்பதில்லை, டம்ளரில் ஊற்றித்தான் குடிப்பாள், வாய் வைத்துக் குடிக்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. முள் தொண்டையில் மாட்டினால் சோற்று உருண்டையை விழுங்குவார்கள். அப்படித்தான் அவர் இந்த இடத்தில் வேறு எதையாவது நினைத்து விழுங்கப் பார்ப்பார். இப்போது குழம்புக்கு உப்புச் சரியா என்று நினைத்தார். சரிதான். முள் போகவில்லை.

எல்லாவற்றுக்கும் சுலபமான வழி ஒன்று இருந்தது, அதைக் காலையிலேயே யோசித்தும் விட்டார். அமலி வந்து சேருகிறவரை தண்ணீரே வைக்காமல் விட்டுவிடுவது. சட்டி இல்லாவிட்டால் கவிழ்ப்பதற்கு ஒன்றும் இல்லை. யோசித்ததோடு நிற்காமல் பத்து மணி வாக்கில் சட்டியைத் தூக்கி மேடைமேல் வைத்தும் பார்த்தார். சுக்கான் குரைக்கவில்லை. அதட்டலாம் என்று காத்திருந்தவருக்கு அது ஒரு வாய்ப்பும் தரவில்லை. அடுக்களைக் குழாயடியில் போய் நின்று நாக்கை நீட்டிக் குழாயின் வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பிவந்து சட்டி இருந்த இடத்தை மோந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். ஒரு தடவை மாலத்தீவுக்குப் போகிற வழியில் காற்று செத்துப்போய்த் தோணி அசையாமல் நின்றுவிட்டது, பாய் துணியாகத் தொங்கியது, டிரம்மில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. அளந்து கொடுக்கிற வேலை பண்டாரிக்கு. ஆளுக்கு ஒரு கிளாஸ், அதற்குமேல் கிடையாது என்று சொன்னதே தோணியை ஓட்டுகிற தண்டல்தான். அதே தண்டல் சாயங்காலம் வந்து அடுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. கிளாஸைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் முடியாது. மறுநாள் காற்று எழும்பிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிறகு தண்டலே அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தக் கண்ணை இவரால் மறக்க முடிந்ததில்லை. யாராவது வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் அமலிக்கு முந்தி இவர் எழுந்து போவது அதனால்தான். சட்டி கால் மணி நேரம்கூட மேடையில் இருக்கவில்லை. இறக்கிவைத்து நிறைய ஊற்றினார். சுக்கான் சளப் சளப்பென்று குடித்தது, மீதியைக் கவிழ்த்தது, ஈரத்தில் படுத்தது. கஸ்பார் சாரத் துணியை எடுத்தார்.

குழம்பு கொதி வந்து, மாங்காய் வாசம் எழும்பி, அடுப்பைக் குறைத்துவைத்த அந்த நேரத்தில்தான் தோணியிலிருந்து வேறொன்றும் வந்தது. தண்டலின் கண்ணுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும், இத்தனை நாள் வழி கிடைக்காமல். சாக்கு. கடல் பொங்கும்போது தட்டை எங்கே வைத்தாலும் வழுக்கிக்கொண்டு போகும், குழம்பு ஒருவன் மடியில், சோறு இன்னொருவன் மடியில். அதற்கு அவர் என்ன செய்வார்? சணல் சாக்கை நனைத்துப் பிழிந்து பலகைமேல் விரிப்பார். ஈரச் சாக்கின்மேல் வைத்த தட்டு அசையாது, தோணி என்ன ஆட்டம் போட்டாலும். எத்தனை சாப்பாட்டை அந்தச் சாக்குக் காப்பாற்றியிருக்கிறது. காப்பாற்றிய ஆளுக்கு அது ஒரு நாய்ச்சட்டிக்குத் தோன்றவில்லையே என்று அவர் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார், மீன் கையோடு. பின்கட்டில் அரிசி வந்த சணல் சாக்கு மடித்துக் கிடந்தது. உதறினார், வாளியில் முக்கினார், முறுக்கிப் பிழிந்தார், சொட்டு நிற்கும்வரை பிழிந்தார், ஏனென்றால் சொட்டும் ஈரம்தான். நாலாக மடித்துப் பின்வாசல் ஓரத்தில், நடைக்கு எட்டாத மூலையில் போட்டு, நடுவில் சட்டியை அழுத்தி வைத்து, தண்ணீர் ஊற்றினார். விரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பலமாகத் தள்ளினார். சட்டி சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. வேலை தெரிந்த மனிதன் வீட்டில் இருக்கும்போது செங்கல் என்ன, டயர் என்ன என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாம்மா துரைசாணி, இப்போது தட்டிவிடு பார்க்கலாம் என்றார் சுக்கானைப் பார்த்து. அது பெட்டை நாய், இப்படிப்பட்ட பட்டம் எல்லாம் அவ்வப்போது கிடைக்கும்.

அது எழுந்தது. உடம்பை முன்னும் பின்னும் இழுத்து நெளித்தது. வால் மூலைப் பக்கம் வளைந்தது. வந்து சட்டியை மோந்தது, தண்ணீரை மோக்காமல் சாக்கை மோந்தது, ஒரு முன்னங்காலை எடுத்துச் சாக்கின்மேல் வைத்து அப்படியே நின்றது. கஸ்பார் துடைக்கிற துணியைக் கையில் எடுத்துவிட்டார், இனி டங்கென்று கேட்கும், இப்போது கேட்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. சுக்கான் தலையைத் தாழ்த்தி நெற்றியால் சட்டியை முட்டியது, கவிழ்க்கிற முட்டு இல்லை, பேருந்தில் பக்கத்து ஆளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிற மாதிரி. முட்ட முட்டச் சாக்கு சுருண்டு சட்டி மெல்ல நகர்ந்து, கடைசியில் சாக்கை விட்டுத் தரையில் இறங்கி, கொஞ்சமும் சிந்தாமல் நின்றது. பிறகு சாக்கின்மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, இன்னொரு சுற்றுச் சுற்றி, வயிறு முழுக்கப் படும்படி நாலு காலையும் பரப்பி விழுந்தது. ஒரு பெருமூச்சு விட்டது. வீட்டுக்காரர் ஒருவர் நாளெல்லாம் அலைந்துவிட்டு வந்து விடுகிற மூச்சு. கண்ணை மூடிவிட்டது. தண்ணீர்ச் சட்டி தன்பாட்டுக்குப் பக்கத்தில் நிறைந்து இருந்தது, அதை யார் பார்த்தார்கள்.

கஸ்பார் துணியோடு நின்றுகொண்டே இருந்தார். சட்டி அசையாமல் இருக்கத்தான் சாக்குப் போட்டது, சட்டியோ சாக்கிலேயே இல்லை, ஆனால் கவிழவும் இல்லை. இந்தக் கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் உதைத்தது. குனிந்து, முட்டி சொல்பேச்சுக் கேட்காததால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நாய்க்குப் பக்கத்தில் சாக்கின் ஓரத்தில் வெறுங்காலை வைத்தார். உள்ளங்காலிலிருந்து குளிர்ச்சி மேலே ஏறியது. கச்சான் வாசல் வழியாக வந்து ஈரச் சாக்கின்மேல் பட்டு, அடித்த வெக்கையெல்லாம் போய், கணுக்காலில் ஜில்லென்று இறங்கியது. அட பாவி. கண்ணை மூடிக்கொண்டார். நடுக்கடல் வெயிலில் பலகை காய்ந்து காலைச் சுடும்போது இவர்களும் கடல் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி ஊற்றி, பாயின் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து வெறும் முதுகோடு படுத்தவர்கள்தானே. அதை யாராவது கொழுப்பு என்றார்களா? தட்டு வழுக்குகிறது, தட்டு வழுக்குகிறது என்று பண்டாரி புத்தி சட்டியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, படுக்கிறவளைப் பார்க்கவில்லை. அதற்கு வேண்டியிருந்தது தரையில் கொஞ்சம் ஈரம். யாரும் ஊற்றாததால் தானே ஊற்றிக்கொண்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது, கூடவே நெஞ்சு நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எதற்கும் சரியாக இடம் கிடைக்கவில்லை. குனிந்து அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார். மீன் கை. அது கண்ணைத் திறக்காமலே மணிக்கட்டை ஒரு தரம் நக்கியது. ஆனால் ஏன் இப்போது மட்டும்? போன வருஷமும் வெயில் அடித்ததே, அப்போது ஏன் கவிழ்க்கவில்லை? அமலி துடைத்திருப்பாள் என்ற பதில் தயாராக வந்தது. அது வந்த வேகத்திலேயே, பின்னால், பித்தளைச் செம்பும் உருண்டு வந்தது. அவர் பானையைப் பார்த்தார். செம்பு அதன் வாயில் கவிழ்ந்து பளபளத்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று கிட்டே வந்துவிட்டது, ஒரு எட்டில் பிடித்துவிடலாம் என்று இருந்தது. அப்போது சோறு வெந்த வாசம் வந்து, கஞ்சி வடிக்கப் போனார்.

அதற்குப் பிறகு வீடு அவர் சொன்னபடி கேட்டது. நடையை உலர்ந்த துணியால் இரண்டு தரம் துடைத்தார், குனிந்து கன்னத்தைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார், ஒரு பளபளப்புக் கிடையாது. மிதியடிகளையெல்லாம் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்டார், வாக்கரின் கால் மாட்டும். அவள் கட்டிலில் புது விரிப்பு. இத்தனை நேரம் நாய் எழவே இல்லை, ஒரு தரம் மட்டும் தலையை நீட்டிச் சட்டியிலிருந்து இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடியும் படுத்தது. வெயில் தாழ்ந்தது. குழம்பு ஆறி மேலே எண்ணெய் தெளிந்தது. இவ்வளவு நிம்மதியாக ஒரு மத்தியானம் கழிந்து எவ்வளவு நாளாயிற்று, தூங்காமலேயே கழிந்த மத்தியானம் அது, என்று நினைத்துக்கொண்டே முன்வாசலில் போய் நின்றார். நின்றதும் பயம் வந்துவிட்டது. சாக்கு ஈரமாக இருக்கிறதே. ஒரு சொட்டு ஈரம் என்று சொன்னவன் சாக்கைப் பார்த்தால் என்ன சொல்வான்? எடுத்துவிடலாமா? எடுத்தால் அது சட்டிக்குப் போகும். எடுக்காவிட்டால் இவன் நாய்க்குப் போவான். உள்ளே போக இரண்டு எட்டு வைத்தார், திரும்பி வந்தார். வாடகைக் கார் தெருமுனை திரும்பிவிட்டது.

டெரன்ஸ் அம்மாவை இறக்குவதற்கு முன்னால் தானே உள்ளே வந்தான், செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் முன்னறையைத் தேய்த்துப் பார்த்து, நடையைத் தேய்த்துப் பார்த்து. பிள்ளை அம்மாமேல் வைத்திருக்கிற அக்கறை கஸ்பாருக்குத் தெரியாதா, அந்தக் காலைப் பார்க்க அவருக்குப் பாவமாகவும் இருந்தது. அடுக்களை வாசலில் நின்றான். "என்னப்பா இது." "சாக்கு ல." "சாக்குத் தெரியுது. ஈரமா கெடக்கே. அதும்மேல படுத்து எந்திரிச்சு அந்த ஈரக் காலோட நடையில நடந்தா? நான் காலையிலயே என்ன சொன்னேன்." "நடக்காதுல. பாரு, சட்டி நிமிந்து இருக்கு பாரு. காலையிலயிருந்து…" பத்து மணிக்குக் கவிழ்ந்தது நினைவுக்கு வந்தது. டெரன்ஸ் பின்கட்டில் தொங்கிய சங்கிலியை எடுத்தான். கஸ்பார் ஒரு எட்டு முன்னால் வைத்து நின்றார். தடுத்தால் அமலியைவிட நாய் பெரிதா என்பான். அந்த நேரம் முன்னறையில் டக், டக் என்று வாக்கர் சத்தம். யாருக்கும் காத்திராமல் டிரைவரைப் பிடித்து இறங்கி அவளே வந்துகொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாள். நடையின் தொடக்கத்தில் நின்று, தரையை ஒரு பார்வை பார்த்து, வாக்கரை முன்னால் வைத்து, காலை வைத்து, மறுபடி வாக்கரை வைத்து, விழுந்த இடத்தைத் தாண்டினாள். மூன்று பேரும் மூச்சுவிடவில்லை, மூன்றாவது சுக்கான். அடுக்களை வாசலை எட்டியதும் மேலே மோந்து, "மாங்காய் போட்டிருக்கிய" என்றாள். பிறகு மகன் கையைப் பார்த்தாள். "சங்கிலி எதுக்குல?"

டெரன்ஸ் சொல்ல வேண்டியதாயிற்று. தண்ணீரைக் கொட்டியது நாய்தான், அதில்தான் அம்மா வழுக்கினது, இனி அந்த ஆபத்து வேண்டாம், அளத்தில் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அமலி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆரு சொன்னது அது கொட்டுச்சுன்னு?" கஸ்பார் கையிலிருந்த சாரத் துணியை மடித்தார். "அது ஒரு நாளும் சட்டியத் தொட்டது கெடையாது. நாந்தான ஊத்துனேன். வெயில்காலம் தொடங்கவும் மத்தியானம் அதால கெடக்க முடியாது, வயிறு சுடுதுல்லா. நெதம் ஒரு செம்பு மொண்டு நடையில அது படுக்குற எடத்துல ஊத்துவேன், அதுலயே கெடந்து தூங்கும், உங்கப்பா முழிக்கதுக்குள்ள தொடச்சிருவேன். அன்னைக்கு ஊத்திட்டுத் திரும்புதேன், முன்னால போன் அடிக்குது. இவுக தூக்கம் கலைஞ்சிரக் கூடாதேன்னு ஓடுனேன். அவ்வளவுதான்." தொண்டையில் அத்தனை நாள் மாட்டியிருந்த முள் கஸ்பாருக்கு இறங்கிப்போயிற்று. டிரம்முக்கு அடியில் உருண்ட செம்பு, மறுநாளிலிருந்து கவிழ்ந்த சட்டி, எல்லாம் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மத்தியானங்களில் அவரைச் சுற்றி நடந்திருக்கிறது. அவள் போன பிறகு அவள் செய்ததை நாய் தானே செய்துகொண்டது, அதைக் குற்றம் என்று மகனிடம் சொல்லி அதன்மேல் பழியும் போட்டாயிற்று. அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை, மூக்கைச் சாரத் துணியில் துடைத்துக்கொண்டார். சுக்கான் எழவில்லை. சாக்கில் கிடந்தபடியே அவளைப் பார்த்தது, வால் அவள் பக்கமாக வளைந்தது. டெரன்ஸ் சங்கிலியைக் கையில் ஒரு தரம் சுற்றி, பிரித்து, ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனான். வாசலில் அவன் டிரைவரிடம் பேசுவது கேட்டது: "நீங்க கெளம்புங்கண்ணே. திரும்ப ஏத்துறதுக்கு ஒண்ணும் இல்ல."

அமலி ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்துக் குனியப் பார்த்தாள், முடியவில்லை, நிமிர்ந்துகொண்டாள். "சாக்கு நல்ல யோசனைதான். எனக்குத் தோணலையே. காஞ்சுக்கிட்டு வருது பாருங்க, ஒரு செம்பு ஊத்துங்க" என்றாள். கஸ்பார் பானை வாயிலிருந்த செம்பை எடுத்து நிறைய மொண்டு, ஒரு சொட்டும் நடைப்பக்கம் போகாமல், சாக்கைச் சுற்றி மெதுவாக ஊற்றினார்.